பெரிய கூடம் ஒன்று போதாதா? கெய்ரோவின் புதிய அருங்காட்சியகத்தை வைத்து ஒரு பதில்

மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தின் படங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது. 2002-இல் போட்டி அறிவித்தார்கள், 2025 நவம்பரில்தான் முழுதாகத் திறந்தார்கள், செலவு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நல்ல ஏசி போட்ட பெரிய கூடம் ஒன்றைக் கட்டிப் பொருள்களை உள்ளே அடுக்கியிருந்தால் போதாதா, இவ்வளவு வடிவமைப்பு எதற்கு என்கிறீர்கள். ஜனவரியில் குடும்பத்தோடு போகப்போவதாகவும், கட்டடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரையில் பணமும் காலமும் உங்களுக்கு இரண்டாவது விஷயம். தேசிய அருங்காட்சியகம் என்று ஒன்றில் கட்டடம் உண்மையாகவே ஏதாவது வேலை செய்கிறதா, இல்லை நாட்டின் பெருமைக்குப் போர்த்திய பட்டுச் சால்வையா என்பதைத்தான் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் துறைக்குள்ளேயே இதைக் கேட்பவர்கள் உண்டு.

நான் கட்டடக்கலைஞன். 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய காட்சிக்கூடங்களைப் புதுப்பிக்கும் வேலையில்தான் பெரும்பாலும் இருந்திருக்கிறேன். தேசிய அளவில் ஒரு கட்டடத்தை அடித்தளத்திலிருந்து வடிவமைத்தவன் இல்லை. கெய்ரோ கட்டடத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. அதன் வரைபடங்களைப் படித்தவன், சோதனை முறையில் திறந்திருந்த நாள்களில் போய் இரண்டு நாள் சுற்றியவன், அவ்வளவுதான். துணி ஏன் நைகிறது, செம்பு ஏன் பூக்கிறது என்ற வேதியியலும் என் படிப்பு இல்லை. கன்சர்வேட்டர், அதாவது பழம்பொருள்களைக் கெடாமல் காக்கும் நிபுணர், வெளிச்சம் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு என்று ஓர் எண்ணைக் கொடுப்பார். அந்த எண்ணுக்குள் நிற்கிற மாதிரி சுவரும் கூரையும் அமைப்பது என் பங்கு.

உங்கள் 'பெரிய கூடம்' யோசனை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்ததுதான், அதுவும் அதே கெய்ரோவில். தஹ்ரீர் சதுக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும் பழைய அருங்காட்சியகம் 1902-இல் திறந்தது. பிரெஞ்சுக்காரர் மார்செல் தூர்ஞோன் வடிவமைத்தது. உயரமான கூடங்கள், கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சம், நடுவில் பெரிய கற்சிலைகள். கல்லுக்கு அது அருமையான வீடு. 20 ஆண்டு கழித்து, 1922 நவம்பரில், தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர், சிறுவனாகவே அரியணை ஏறிய எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். தங்க முலாம் பூசிய மரப் பேழைகள், தேர்கள், கட்டில்கள், செருப்புகள், சிறுவனின் உடுப்புகள். கற்சிலைக்காகக் கட்டிய கட்டடத்தின் மாடியில் இவை வந்து குடியேறின. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்த நான்கு பேழைகளில் வெளிப் பேழை மட்டும் 5 மீட்டர் நீளம். அவற்றைத் தனித்தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். மற்றவற்றில் ஒரு பகுதிக்குத்தான் இடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது எந்தப் பொருளுக்காக எழுந்ததோ அந்தப் பொருளை நன்றாகவே வைத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள்தான் வேறு சாதி விருந்தாளிகள்.

இந்த வேறுபாடு எங்கே உறைக்கும் என்றால் வெளிச்சத்தில். கல், மட்பாண்டம், தங்கம் இவற்றுக்கு வெளிச்சத்தால் பெரிய ஆபத்து இல்லை. வர்ணம் பூசிய மரத்துக்கு 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. துணி, பாப்பிரஸ் என்ற நாணல் தாள், சாயமிட்ட தோல் என்றால் 50 லக்ஸ்தான். வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், ஒருபோதும் திரும்பி வராது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 50 லக்ஸில் தினமும் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஒரு துணியைக் காட்டினால் மொத்தம் 1,20,000 லக்ஸ் மணி. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது ஓராண்டு முழுக்கக் காட்டவேண்டிய பங்கை வெயில் 1 மணி 12 நிமிடத்தில் தின்றுவிடும். புற ஊதாக் கதிர் செய்வது இதில் சேரவில்லை.

இதை எண்ணாகத் தெரிந்துவைத்திருந்தும் எனக்கு அது மனதில் பதிந்தது ஒரு மேசையின் முன்னால் நின்றபோதுதான். ஒரு சிறிய அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே ஒரு பட்டு மேலாடை பல பத்தாண்டுகளாகப் பெட்டிக்குள் இருந்தது. சீட்டில் 'வெளிர் சந்தன நிறப் பட்டு' என்று எழுதியிருந்தது. கன்சர்வேட்டர் அம்மா கையுறை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தோள்பட்டையின் மடிப்பை விரித்தார். உள்ளே ஒரு விரலகலத்துக்கு அரக்குச் சிவப்பு. நேற்று சாயத் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரி. மேசையைச் சுற்றி நின்ற ஆறு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அறையில் ஏசி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஜன்னலை அந்தத் திசையில் வைத்தவரும் பெட்டியை அங்கே போட்டவரும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை.

கெய்ரோவின் புதிய கட்டடத்தில் நான் மதிப்பது இந்தப் பேச்சு முதல் நாளிலேயே நடந்திருக்கிறது என்பதைத்தான். 1,557 வடிவங்கள் வந்த போட்டியில் 2003-இல் வென்றது டப்ளினைச் சேர்ந்த ஹெனகன் பெங் என்ற சிறிய நிறுவனம்; ரோஷீன் ஹெனகன், ஷி-ஃபு பெங் என்ற இருவர் நடத்துவது. அவர்கள் கட்டடத்தை வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் ஒரு நடையாக அமைத்தார்கள். நுழைந்ததும் வரும் பெருமுற்றம் அடைத்துப் பூட்டிய ஏசி அறை கிடையாது. மேலே கூரை உண்டு, ஆனால் இடைவெளிகள் வழியாகக் காற்று வரும், வெயில் கோடுகளாக விழும். அங்கே நிற்பது பழைய எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸின் கருங்கல் சிலை. அதைத் தாண்டி ஆறு மாடி உயரத்துக்குப் போகும் பெரிய படிக்கட்டு. அதன் இருபுறமும் மன்னர்களும் தெய்வங்களும், எல்லாம் கல். பகல் வெளிச்சம் தாராளமாக வருகிறது. மேலே ஏறிப் பக்கவாட்டில் திரும்பிக் கூடங்களுக்குள் போனால் வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது. துட்டன்காமுனின் உடைமைகள் இருக்கும் இடத்தில் விளக்கு ஒவ்வொன்றும் அளந்து போட்டதுதான். வெளியே இருந்த கண் உள்ளே வருவதற்குள் இருட்டுக்குப் பழகிவிடும். பளீர் வெயிலிலிருந்து ஒருவரை நேராக 50 லக்ஸ் அறைக்குள் தள்ளினால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. 'ஏன் சார் லைட்டே இல்லை' என்று காவலரிடம் சண்டைக்குப் போவார். அவரைப் பழக்கி அழைத்துவர தூரம் வேண்டும், திருப்பம் வேண்டும். ஒரே கூடத்தில் அந்தத் தூரம் கிடைக்காது. உங்கள் கேள்விக்கு என் நேரடி பதில் இதில்தான் இருக்கிறது.

பிரதான கூடங்கள் 12. அந்த எண்ணிலும் ஒரு கணக்கு உண்டு. காலம் நான்கு பகுதி: தொல்காலத்திலிருந்து பழைய அரசு வரை, மத்திய அரசு, புதிய அரசு, கிரேக்க-ரோமானிய காலம். பொருள் மூன்று: சமூகம், அரசுரிமை, நம்பிக்கை. நான்கை மூன்றால் பெருக்கிய கட்டத்தைத் தரையில் விரித்துவிட்டார்கள். ஒரு திசையில் நடந்தால் நூற்றாண்டுகள் நகரும், குறுக்கே நடந்தால் ஒரே காலத்தின் வீடும் அரண்மனையும் கோயிலும் வரும். வரலாற்று ஆசிரியர் கரும்பலகையில் போடும் அட்டவணைக்குள் நடந்துபோகிற மாதிரி. சுவர் எங்கே வரும் என்பதைக் கட்டடக்கலைஞரும் கதை எங்கே திரும்பும் என்பதை அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து முடிவு செய்தால்தான் இது அமையும்.

அடுத்தது எடை. எங்கள் வேலையில் அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி, 'இருப்பதிலேயே பெரிய பொருள் எது, அது எந்த வழியாக உள்ளே வரும்?' என்பதுதான். நான் தொடக்கத்தில் கேட்காமல் விட்டு மாட்டிக்கொண்டதும் உண்டு. வாசலின் உயரம் அகலம் எல்லாம் சரிபார்த்து, உள்ளே நடைவழி செங்கோணமாகத் திரும்புவதை மறந்துவிட்டேன். மரப்பெட்டிக்குள் படுத்திருந்த சிலை திருப்பத்தில் சிக்கி, புதிதாகப் பூசிய சுவரை இடிக்கவேண்டி வந்தது. கெய்ரோவில் ராம்செஸ் சிலையின் எடை 83 டன், உயரம் 11 மீட்டர். 1820-இல் மெம்ஃபிஸ் அருகே உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. 1955-இல் கெய்ரோ ரயில் நிலையத்தின் முன்னால் நிறுத்தினார்கள். ரயிலின் அதிர்விலும் வண்டிப் புகையிலும் அரை நூற்றாண்டு நின்றது. 2006 ஆகஸ்டில் அங்கிருந்து எடுத்துப் புதிய மனைக்குக் கொண்டுவந்து காத்திருக்க வைத்தார்கள். 2018 ஜனவரி 25 அன்று, கட்டடம் இன்னும் காங்கிரீட் எலும்பாக இருக்கும்போதே, கடைசி 400 மீட்டர் நகர்த்தி முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். வாசல் முடிந்து சிலை வரவில்லை, சிலை வந்துதான் வாசல் முடிந்தது. வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இதே முறையை இன்னும் துணிந்து செய்தார்கள். கறுப்பர்களைத் தனியே உட்காரவைத்த காலத்து ரயில் பெட்டி ஒன்றையும், லூயிசியானாவின் அங்கோலா சிறையின் காங்கிரீட் காவல் கோபுரத்தையும் 2013 நவம்பரில் கிரேன் வைத்துப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அவற்றின் மேல் தளங்களும் கூரையும் எழுந்தன. 2016-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் பெரும்பகுதி நிலத்துக்கடியில் இருக்கிறது. இனி கட்டடத்தை இடித்தால்தான் அந்த ரயில் பெட்டி வெளியே வரும்.

கூஃபு மன்னனின் படகை விட்டுவிட்டால் இந்தப் பகுதி நிறைவாகாது. 4,500 ஆண்டுக்கு முந்தைய தேவதாரு மரம், 40 மீட்டருக்கு மேல் நீளம். 1954-இல் கீஸாவில் அந்த மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில் 1,224 துண்டுகளாகக் கிடைத்ததைப் பல ஆண்டு உழைத்து ஒன்று சேர்த்தார்கள். அதற்கென்று பிரமிடை ஒட்டியே 1980-களில் ஒரு கட்டடம் இயங்கத் தொடங்கியது. பார்க்கிறவர் கண்ணுக்குப் பிரமிடின் இடுப்பில் ஒட்டிய கட்டி மாதிரி இருக்கும். 2021 ஆகஸ்டில் படகைக் கழற்றாமல், முழுதாக உலோகக் கூண்டில் வைத்து, தொலைவிலிருந்து இயக்கும் வண்டியில் ஏற்றி ஆமை வேகத்தில் புதிய மனைக்குக் கொண்டுவந்தார்கள். சில கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் பிடித்தது. அதற்குத் தனிக் கட்டடமே கொடுத்திருக்கிறார்கள்.

வெளி வடிவத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். மனை கீஸா பிரமிடுகளிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 50 ஹெக்டேர். நைல் பள்ளத்தாக்கு முடிந்து பாலைவன மேடு தொடங்கும் விளிம்பு அது. இரண்டுக்கும் நடுவில் 50 மீட்டர் உயர வித்தியாசம். கட்டடத்தை அந்தச் சரிவில் ஒண்டவைத்து, கூரை மேட்டின் மட்டத்தைத் தாண்டாமல் நிறுத்தினார்கள். மேட்டின் மேலிருந்து பார்த்தால் பிரமிடோடு போட்டிக்கு எதுவும் எழுந்து நிற்காது. சுவர்கள் எல்லாம் மூன்று பிரமிடுகளை நோக்கிய பார்வைக் கோடுகளாக விசிறிபோல விரிகின்றன. படிக்கட்டின் உச்சியில் கண்ணாடிச் சுவர். அங்கே ஏறி நின்றதும் எதிரே பிரமிடுகள். 4,500 ஆண்டுக்கு முந்தைய அண்டை வீட்டுக்காரருக்கு முன்னால் எப்படி உட்காரவேண்டும் என்று யோசித்து உட்கார்ந்த கட்டடம் இது. முகப்பு முழுக்க முக்கோணங்களை வாரி இறைத்தது எனக்கு உவப்பாக இல்லை. எதிரே அசல் நிற்கும்போது நகலை ஏன் திரும்பத் திரும்பக் காட்டவேண்டும்? இது என் ரசனை. மற்ற கட்டடக்கலைஞர்கள் மறுப்பார்கள்.

20 ஆண்டு ஆனதற்கு வடிவத்தைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. 2011 புரட்சி, அதற்குப் பின் நின்றுபோன சுற்றுலா வருமானம், பிறகு கொரோனா. பணத்தில் பெரும் பங்கு ஜப்பானின் கடன். ஆனால் அந்தத் தாமதத்துக்குள்ளும் ஒரு நல்ல முடிவு இருக்கிறது: பாதுகாப்பு ஆய்வகத்தை முதலில் கட்டி 2010-லேயே திறந்துவிட்டார்கள். நிலத்தடியில் இருக்கும் அந்த ஆய்வகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே சுரங்கப்பாதை. கூடங்கள் எழும் காலம் முழுவதும் துட்டன்காமுனின் துணியும் தேரும் கட்டிலும் அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தன. பெரும்பாலான நாடுகளில் திறப்பு விழாவுக்கு மண்டபம் முதலில் வரும், ஆய்வகம் 'இரண்டாம் கட்டம்' என்று கோப்பில் தூங்கும்.

இதுவரை சொன்னவற்றில் வெளிச்சக் கணக்கும் எடையும் எனக்கு உறுதியானவை. இனி வருபவை அப்படி இல்லை. ஈரப்பதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த காலத்தில் 50 சதவீதம், கூடவோ குறையவோ 5 என்பது வேதவாக்கு. இப்போது பெரிய அருங்காட்சியகங்களே 40 முதல் 60 வரை போகலாம், வெப்பம் 16 முதல் 25 பாகை வரை இருக்கலாம், திடீர் ஏற்ற இறக்கம் மட்டும் கூடாது என்று தளர்த்தியிருக்கின்றன. அந்தத் தளர்வு எல்லாப் பொருளுக்கும் பொருந்துமா என்பதில் கன்சர்வேட்டர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. நான் தலையிடமாட்டேன். தடித்த காங்கிரீட் சுவர் பகல் சூட்டை மெதுவாக உள்வாங்குவதால் கெய்ரோ மாதிரி இரவு பகல் வித்தியாசம் பெரிதாக உள்ள ஊரில் ஏசியின் சுமை குறையும் என்பது மட்டும் பௌதிகம்.

விசித்திர வடிவம் கூட்டத்தை இழுக்கும் என்பதும் சந்தேகத்துக்குரியதே. 1997-இல் ஃபிராங்க் கெரியின் கட்டடம் ஸ்பெயினின் பில்பாவோ நகரையே மாற்றியது என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த நகரம் அதே காலத்தில் மெட்ரோ ரயில் போட்டது, ஆற்றங்கரையைச் சீர்செய்தது. எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். கத்தாரின் தேசிய அருங்காட்சியகத்தை ழான் நூவெல் பாலைவன ரோஜா என்னும் படிகத்தைப் பார்த்து 539 வட்டத் தட்டுகளால் அமைத்தார், 2019-இல் திறந்தது. உள்ளே நேர்ச்சுவரே அரிது. சாதாரணமாகச் சாய்ந்த சுவரில் எதையும் மாட்ட முடியாது என்று நாங்கள் பயப்படுவோம். அவர்கள் அந்தச் சுவர்களையே திரையாக்கிப் பெரிய படங்களை ஓடவிட்டார்கள். பொருள் அதிகம் இல்லாமல், கடலும் பாலையும் சார்ந்த வாழ்க்கைக் கதை நிறைய உள்ள நாட்டுக்கு அது பொருந்தியது. அதே சுவரைக் கெய்ரோவுக்குக் கொடுத்தால் பாழாகியிருக்கும்.

கெய்ரோவிலும் ஒரு குறை எனக்குப் பட்டது: தூரம். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-இலேயே அருங்காட்சியகச் சோர்வு பற்றி எழுதி, பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்தும் முடங்கியும் நிற்கவேண்டியிருக்கிறது என்று புகைப்படங்களோடு காட்டினார். நூறாண்டு கடந்தும் கட்டடக்கலைஞர்களான எங்களுக்கு முற்றத்தின் உயரம் நினைவிருக்கிற அளவுக்குப் பாட்டியின் முழங்கால் நினைவிருப்பதில்லை. பெரிய படிக்கட்டின் பக்கத்திலேயே நகரும் பாதை போட்டிருக்கிறார்கள். ஆனாலும் வாசலிலிருந்து முதல் கூடத்துக்குப் போவதற்குள் வயதானவர்கள் களைத்து உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

எளிய பெரிய கூடம் போதுமான இடங்களும் உண்டு. கல்வெட்டு, நடுகல், பீரங்கி, எந்திரம் என்று ஒரே குணமுள்ள தொகுப்பாக இருந்தால் நல்ல கூரையும், நேர் வெயில் விழாத வடக்கு வெளிச்சமும் போதும், மீதிப் பணத்தை ஆய்வகத்துக்குக் கொடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். கல்லிலிருந்து பாப்பிரஸ் வரை, மோதிரத்திலிருந்து படகு வரை ஒரே கூரையின் கீழ் கேட்கும் நாட்டுக்கு அது ஆகாது.

ஜனவரி பயணத்துக்கு வருவோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் நகரும் பாதையில் உச்சிக்குப் போய், துட்டன்காமுன் கூடத்தைக் கால் தெம்பாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். படிக்கட்டைக் கடைசியில் மெதுவாக இறங்கிப் பாருங்கள்; சிலைகளின் முதுகும் தெரியும். கட்டடத்துக்குள் போவதற்கு முன்னால் வெளிச் சதுக்கத்தில் இரண்டாம் ராம்செஸின் ஒற்றைக்கல் தூண் நான்கு தாங்குகால்களின் மேல், தரையைத் தொடாமல் நிற்கும். எல்லோரும் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அதன் அடியில் போய், நேராக மேலே அண்ணாந்து பாருங்கள். தூணின் அடிப்பாகத்தில், ஒருகாலத்தில் பீடத்தில் பதிந்து யார் கண்ணிலும் படாமல் இருந்த இடத்தில், மன்னனின் பெயர் வெட்டியிருக்கும்.